ஸ்ட்ராபெரி, மிக்ஸி, பேக்கிங் பவுடர்: சுலபமான சிற்றுண்டியின் சுலபமில்லாத வரலாறு



ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி உறைந்த ஸ்ட்ராபெரி, ஒரு கப் தயிர், ஒரு ஸ்பூன் தேன். மிக்ஸியில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டினால் ஸ்மூத்தி தயார். மைதாவில் வெண்ணெய், சர்க்கரை, பேக்கிங் பவுடர், கொஞ்சம் பால் சேர்த்துப் பிசைந்து, ஓவனில் வைத்து எடுத்து, மேலே ஸ்ட்ராபெரியையோ ப்ளூபெரியையோ பரப்பினால் ஷார்ட்கேக். இரண்டுக்கும் பெரிய சமையல் ஞானம் தேவையில்லை. தோசை வார்க்கத் தெரியாதவர்கள்கூடச் செய்துவிடலாம்!

ஆனால் இது சமையல் குறிப்பு இல்லை, வரலாற்றுக் கட்டுரை. 300 வருடங்களுக்கு முன்னால் பிரான்ஸ் தேசத்து ராஜாவே ஆசைப்பட்டிருந்தாலும் இந்த இரண்டும் அவருக்குக் கிடைத்திருக்காது. மிக்ஸி இல்லை, ஃப்ரீசர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பேக்கிங் பவுடர் இல்லை என்பது சிலருக்குத் தெரியும். நாம் கடையில் பார்க்கும் அந்தப் பெரிய ஸ்ட்ராபெரியே அப்போது உலகில் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் எப்படி வந்தன என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கதையிலும் இரண்டு வகை மனிதர்கள் வருகிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் ஒரு வகை. பெயர் தெரியாதவர்கள் இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் உரல்

பழத்தை அரைப்பதும், அதை மாவோடு சேர்த்துச் சுடுவதும் மின்சாரம் வந்த பிறகு பிறந்த யோசனைகள் அல்ல. ரோஜர் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1636-ல் வட அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். இன்றைய ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரம் அது. அந்தப் பகுதியில் வாழ்ந்த நாரகான்செட் பழங்குடி மக்களின் மொழியை அவர் கற்றுக்கொண்டு, 1643-ல் லண்டனில் ஒரு புத்தகம் அச்சிட்டார். அதில் அந்த மக்கள் காட்டு ஸ்ட்ராபெரிகளை உரலில் இட்டு நசுக்கி, மாவுடன் கலந்து ரொட்டி செய்வதைக் குறித்து வைத்திருக்கிறார். காயவைத்த பெர்ரிகளை இடித்துப் பொடியாக்கி மாவில் கலந்து செய்யும் இன்னொரு பண்டத்தையும் சொல்கிறார். ஆங்கிலேயர்களுக்குக் கேக் எப்படியோ அப்படி அது அவர்களுக்கு என்பது அவர் கருத்து.

யோசித்துப் பாருங்கள். நம் கட்டுரையின் இரண்டு பாதிகளும், அதாவது அரைத்த பழமும் பழம் சேர்த்த பேக்கும், 1643-லேயே ஒரே உரலில் இருக்கின்றன. பிறகு வந்தவர்கள் மாற்றியது மூன்று விஷயங்களை: பழத்தின் அளவு, மாவு உப்பும் வேகம், அரைக்கும் கருவி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உளவாளி கொண்டு வந்த செடி

ஐரோப்பாவின் காட்டு ஸ்ட்ராபெரி மிகச் சிறியது. விரல் நகம் அளவுதான் இருக்கும். நல்ல மணம் உண்டு, ஆனால் ஒரு கிண்ணம் நிரப்ப அரை நாள் பொறுக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெரியும் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதன் நிறம் அழகு, மணம் அருமை. பழம் மட்டும் அதுவும் சிறியதுதான்.

1712-ல் பிரான்ஸ் அரசர் 14-ஆம் லூயியின் அரசாங்கம் ஒரு ராணுவப் பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் பெயர் அமெதே ஃப்ரான்ஸ்வா ஃப்ரெஸியே. வேலை என்ன தெரியுமா? வியாபாரி வேடத்தில் போய் சிலி, பெரு கடற்கரைகளில் இருந்த ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்த்து வரைபடம் போடுவது! ஆக, அவர் ஒரு உளவாளி.

கோட்டைகளை வரைந்துகொண்டிருந்தவரின் கண்ணில் சிலியின் கான்செப்சியோன் நகரத்துக்கு அருகே ஒரு பயிர் பட்டது. அக்ரூட் கொட்டை அளவுக்குப் பெரிய ஸ்ட்ராபெரி! அது காட்டில் தானாக முளைத்தது இல்லை. மாப்புச்சே முதலான சிலியின் பழங்குடி மக்கள் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே பல நூற்றாண்டுகளாகப் பெரிய பழம் தரும் செடிகளைத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டு வந்தார்கள். ஃப்ரெஸியே பார்த்தது அவர்களுடைய பல தலைமுறை உழைப்பின் பலன்.

அவர் சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாதக் கடல் பயணம். குடிக்கும் தண்ணீருக்கே தட்டுப்பாடு, அதில் செடிக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? கப்பலில் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவர் கொடுத்தார். 1714-ல் மார்செய் துறைமுகம் வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை ஐந்தே செடிகள். தண்ணீர் கொடுத்தவருக்கு இரண்டு போயிற்று. ஒன்று பாரிஸில் அரசரின் தோட்டத்துக்குப் போனது, ஒன்று மேலதிகாரிக்கு, ஒன்று ஃப்ரெஸியேவுக்கு. இன்று உலகம் முழுக்க விளையும் தோட்ட ஸ்ட்ராபெரியின் கதையில் ஒரு முக்கியமான திருப்பம் இந்த ஐந்து செடிகள்தான்.

இங்கேதான் வேடிக்கை. அந்தச் செடிகள் நன்றாக வளர்ந்தன, கொடி விட்டன, பூத்தன. காய்க்க மட்டும் இல்லை! காரணம் எளிமையானது. சிலி ஸ்ட்ராபெரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஃப்ரெஸியே நல்ல பழம் இருந்த செடிகளாகப் பார்த்து எடுத்தார். பழம் இருப்பது பெண் செடியில்தானே! ஐந்தும் பெண் செடிகள். மகரந்தம் தர ஒரு ஆண் செடியும் இல்லை. பிறகு ப்ரெஸ்ட் நகரத்துக்கு அருகே விவசாயிகள் சிலி ஸ்ட்ராபெரியையும் வர்ஜீனியா ஸ்ட்ராபெரியையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டபோது பெரிய பழங்கள் காய்க்க ஆரம்பித்தன. வட அமெரிக்கத் தந்தை, தென் அமெரிக்கத் தாய், பிரான்சில் திருமணம்!

இந்தக் குழப்பத்தை அறிவியல்பூர்வமாகத் தெளிவாக்கியவர் ஆன்ட்வான் நிகோலா டுஷேன். 1764-ல் அவர் சிலி ஸ்ட்ராபெரியில் வேறொரு வகையின் மகரந்தத்தைச் சேர்த்து, காய்த்த செடியை அரசர் 15-ஆம் லூயிக்குக் காட்டினார். அப்போது அவர் பதின்ம வயது இளைஞர். 1766-ல் ஸ்ட்ராபெரிகளின் இயற்கை வரலாறு பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, புதிய பெரிய ஸ்ட்ராபெரி இரண்டு அமெரிக்க வகைகளின் கலப்பு என்று விளக்கினார். அப்போதும் அவருக்கு இருபது வயது ஆகவில்லை. நம் வகுப்பில் அந்த வயதில் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்காதீர்கள் :-)

அந்தக் கலப்பினத்தின் பெயர் 'அனனாஸ்ஸா'. அன்னாசி மணம் வீசியதால் வந்த பெயர். நம் 'அன்னாசி' என்ற சொல்லும் போர்த்துகீசியரின் 'அனனாஸ்' வழியாக வந்ததுதான். எனவே ஸ்ட்ராபெரியின் அறிவியல் பெயரில் ஒரு தமிழர் உடனே புரிந்துகொள்ளக்கூடிய சொல் ஒளிந்திருக்கிறது. இன்னொரு தகவல்: தாவரவியல் கணக்குப்படி ஸ்ட்ராபெரி ஒரு பெர்ரியே இல்லை. வாழைப்பழம்தான் பெர்ரி! ஸ்மூத்தியில் உண்மையான பெர்ரி நம் வீட்டுக் கொல்லைப்பழம்.

மாவு உப்பிய கதை

பழம் வந்துவிட்டது. அடுத்து கேக். பழைய காலத்தில் மாவு உப்ப வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஈஸ்ட் சேர்த்து மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு, முட்டையைக் கை ஓயும்வரை அடித்து நுரையாக்கிச் சேர்க்க வேண்டும். விருந்தாளி வாசலில் வந்து நிற்கும்போது இரண்டுமே உதவாது.

1796-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகமாக அதைச் சொல்கிறார்கள். முகப்பில் தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்று அறிமுகம் செய்துகொண்டார். அதில் மாவை உப்பவைக்க 'பேர்ல் ஆஷ்' என்ற பொருள் வருகிறது. விறகுச் சாம்பலைக் கரைத்து, காய்ச்சி, சுத்தம் செய்து எடுக்கும் காரம் அது. புளித்த பால் போன்ற அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளிவரும், மாவு உப்பும். ஆனால் அளவு தப்பினால் வாயில் சோப்பு ருசி.

1843-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் அமிலத்தையும் காரத்தையும் உலர்ந்த தூளாக ஒன்றாகக் கலந்து பேக்கிங் பவுடர் செய்தார். காரணம் வியாபாரம் இல்லை, வீடு. அவர் மனைவி எலிசபெத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது, முட்டையும் ஒத்துக்கொள்ளாது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837-லேயே அவர் செய்ததும் அதே மனைவிக்காகத்தான். காதலுக்குத் தாஜ்மகால் கட்டியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கஸ்டர்ட் பவுடர் செய்தவரையும் கொஞ்சம் நினைக்கலாம்.

அமெரிக்காவில் அப்போது பேக்கிங்குக்குப் பயன்பட்ட அமிலம் ஒயின் பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து வந்தது. அதை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் எபென் ஹார்ஸ்ஃபோர்ட் எலும்பிலிருந்து கால்சியம் பாஸ்பேட் அமிலத் தூளைத் தயாரித்து 1856-ல் காப்புரிமை பெற்றார். அவர் கூட்டாளியோடு தொடங்கிய தொழிற்சாலை இருந்தது ரோட் ஐலண்டில். ஆம், நாரகான்செட் மக்கள் உரலில் ஸ்ட்ராபெரி ரொட்டிக்குப் பழம் நசுக்கிய அதே பகுதி!

பேக்கிங் பவுடர் மலிவாகக் கிடைத்த பிறகு அரை மணி நேரத்தில் ஷார்ட்கேக் செய்ய முடிந்தது. (இங்கே 'ஷார்ட்' என்றால் குட்டை என்று அர்த்தம் இல்லை. வெண்ணெய் மாவைப் பூசிக்கொள்வதால் மாவின் பசைத்தன்மை நீண்ட இழையாகப் பிணையாமல், கேக் பொலபொலவென்று உதிரும். அதைத்தான் ஷார்ட் என்கிறார்கள்.) ஜூன் மாதம் ஸ்ட்ராபெரி பழுக்கும், ஊர் கூடும், ஷார்ட்கேக் பரிமாறுவார்கள். அமெரிக்கக் கிராமங்களில் இது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அப்படி ஒரு திருவிழாவுக்குப் பிறகு வருவோம்.

ஹார்லிக்ஸ் ஊரும் பாட்டுக்காரரும்

அடுத்து அரைக்கும் கருவி. விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஒரு ஊர். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்லிக்ஸின் சொந்த ஊர்களில் ஒன்று அது. இங்கிலாந்திலிருந்து போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் 1870-களில் அங்கேதான் தொழிற்சாலை வைத்தார்கள். மால்ட் பாலைக் கடைகளில் கலக்கிக் கொடுக்க ஒரு இயந்திரம் தேவைப்பட்டது. அதே ஊரில் இருந்த ஸ்டீஃபன் போப்லாவ்ஸ்கி என்ற போலந்து வம்சாவளிக்காரர் 1922-ல் பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடு வைத்த ஒரு பான இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய பிளெண்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த அமைப்புதான்.

ஆனால் அமெரிக்காவில் பிளெண்டர் என்றதும் நினைவுக்கு வந்த பெயர் போப்லாவ்ஸ்கி இல்லை. ஃப்ரெட் வேரிங். இவர் பொறியாளர் அல்ல, இசைக்குழு நடத்தியவர்! வானொலியில் மிகவும் பிரபலம். ஃப்ரெட் ஓசியஸ் என்ற கண்டுபிடிப்பாளர் ஒரு மாதிரி இயந்திரத்தோடு 1936-ல் அவரைத் தேடி வந்தார். வேரிங் 25,000 டாலர் முதலீடு செய்தார். இயந்திரம் ஒழுங்காக ஓடாததால் வேறு ஆட்களை வைத்து மாற்றி வடிவமைத்து, 1937-ல் சிகாகோவில் நடந்த உணவகக் கண்காட்சியில் வெளியிட்டார். விலை 29.75 டாலர். பின்னர் தன் பெயரையே அதற்கு வைத்தார். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது இயந்திரத்துக்கும் விளம்பரம் செய்தார். 1940-களில் அந்த இயந்திரத்தோடு வந்த சமையல் புத்தகங்களில் வாழைப்பழ ஸ்மூத்தி, அன்னாசி ஸ்மூத்தி என்ற பெயர்கள் வர ஆரம்பித்தன.

அறிவியல் மாணவர்களுக்கு ஒரு போனஸ். டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று காட்டிய ஹெர்ஷி - சேஸ் சோதனையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1952-ல் அவர்கள் பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருந்த வைரஸ் கூடுகளைப் பிரிக்கப் பயன்படுத்திய கருவி இந்த வேரிங் பிளெண்டர்தான். ஸ்மூத்தி அடிக்கும் கருவி மரபியலுக்கும் உதவியிருக்கிறது!

ஸ்மூத்தியைத் தனிக்கடை வைத்து விற்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் குனாவ். பால் ஒத்துக்கொள்ளாத இளைஞரான அவர் சோடாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் பழங்களை அரைத்துப் பரிசோதனை செய்தார். 1973-ல் லூசியானா மாநிலத்தில் கடையைத் தொடங்கினார். எலிசபெத் பேர்டுக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை, பேக்கிங் பவுடர் வந்தது. இவருக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்மூத்திக் கடை வந்தது!

நம் ஊர் மிக்ஸி

நாம் ஸ்மூத்தி அடிப்பது பிளெண்டரில் இல்லை, மிக்ஸியில். மேல்நாட்டுக் கருவிகள் பழம், பால், சூப் போன்ற மெத்தென்ற பொருட்களுக்காகச் செய்யப்பட்டவை. ஊறவைத்த பருப்பையும் தேங்காயையும் காய்ந்த மிளகாயையும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் அதுதான் நடந்தது. ஜெர்மன் தயாரிப்பான மிக்ஸர் பழுதானது. இந்தியச் சமையலுக்குத் தாங்கும் ஒன்றை நீங்களே செய்யுங்கள் என்று அவர் மனைவி மாதுரி சொல்ல, 1963-ல் சுமீத் மிக்ஸி பிறந்தது. பல வருடங்களுக்கு நம் வீடுகளில் மிக்ஸி என்றாலே சுமீத்தான். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தக் கருவி குடிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சட்னிக்காக வாங்கிய கருவியில்தான் இன்று ஸ்மூத்தி சுற்றுகிறது.

குளிரைக் கற்றுக்கொடுத்தவர்கள்

ஸ்மூத்தியில் ஐஸ் போடாமலே சில்லென்று கெட்டியாக வருவதற்குக் காரணம் உறைந்த பழம். பழத்தை மெதுவாக உறையவைத்தால் உள்ளே பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகி அதன் திசுக்களைக் கிழித்துவிடும். வேகமாக உறையவைத்தால் படிகங்கள் சிறியதாக இருக்கும், பழம் அவ்வளவு கெடாது. இந்த வேக உறைவு முறையை வியாபாரமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912 முதல் சில வருடங்கள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, இனுயிட் மக்கள் பிடித்த மீனைக் கடும் குளிர்க் காற்றில் நொடியில் உறையவைப்பதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் அது புதிது போல இருப்பதையும் பார்த்தார். 1929-ல் அவர் தன் நிறுவனத்தையும் காப்புரிமைகளையும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றார். 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. பெர்ரிகளும் அவற்றில் இருந்தன.

பேர்ட்ஸ்ஐ பெயர் இன்றும் உறைந்த உணவுப் பாக்கெட்டுகளில் இருக்கிறது. மீனை உறையவைத்துக் காட்டிய இனுயிட் மனிதரின் பெயர் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

ஒரு ஷார்ட்கேக் திருவிழா நின்றுபோன கதை

முன்னால் திருவிழா ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது நடந்த இடம் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ. சியாட்டில் நகரத்துக்கு எதிரே, ஏரிக்கு மறுகரையில் இருக்கும் ஊர். 1925-ல் அங்கே ஸ்ட்ராபெரித் திருவிழா தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து ஷார்ட்கேக் சாப்பிட்டுப் போவார்கள்.

அந்த ஸ்ட்ராபெரிகளில் பெரும்பங்கை விளைவித்தவர்கள் ஜப்பானிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பங்கள். காடு வெட்டிய பிறகு பெரிய பெரிய அடிமரங்கள் மண்ணில் நின்ற நிலம் அது. அவற்றைப் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பண்படுத்தியவர்கள் அவர்கள். ஆனால் அன்றைய சட்டப்படி அவர்களால் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது. 1921-ல் வாஷிங்டன் மாநிலம் போட்ட சட்டப்படி நிலமும் வாங்க முடியாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் மட்டும் குடிமக்கள்.

1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர், அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெல்வியூ குடும்பங்களை ரயிலில் ஏற்றியது 1942 மே மாதம். ஸ்ட்ராபெரி பழுப்பது ஜூனில். அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தபோது, செடிகளை வளர்த்தவர்கள் முள்கம்பிக்குள் இருந்தார்கள்.

அந்த வருடம் திருவிழா நடக்கவில்லை. பழம் தந்தவர்களே இல்லாதபோது எப்படி நடக்கும்? போர் முடிந்த பிறகு பல குடும்பங்கள் திரும்பி வரவில்லை. 1946-ல் அங்கே பெரிய வணிக வளாகம் ஒன்று திறந்தது. ஸ்ட்ராபெரி வயல்கள் இருந்த ஊர் இன்று அடுக்குமாடிகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த நகரம். அமெரிக்க அரசு 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க முடிவு செய்தது. 46 வருடங்கள் கழித்து!

ஷார்ட்கேக்கின் வரலாறு என்று புத்தகங்களில் வருவது பேக்கிங் பவுடர், வெண்ணெய், கிரீம். இந்த ரயிலும் அந்த வரலாற்றில் சேர வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர் மிஞ்சிய செடி

எல்லாக் கதையும் இப்படித்தானா? இல்லை. காலத்தில் கொஞ்சம் பின்னால் போய், 1911-க்கு வருவோம். நியூ ஜெர்சி மாநிலத்தில் வொயிட்ஸ்பாக் என்ற இடம். சதுப்பும் பைன் மரமும் மணலும் நிறைந்த பகுதி. அங்கே கிரான்பெரிப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் எலிசபெத் கோல்மன் வொயிட்.

அதுவரை ப்ளூபெரியைக் காட்டிலிருந்து பறித்தார்களே தவிர யாராலும் தோட்டத்தில் வளர்க்க முடியவில்லை. அமெரிக்க விவசாயத் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடெரிக் கோவில் 1910-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார். மற்ற பயிர்களுக்குப் பிடிக்காத அமிலத்தன்மையுள்ள மண்தான் ப்ளூபெரிக்கு வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல உரம் போட்டு, சுண்ணாம்பு போட்டு வளர்த்தவர்கள் எல்லாம் தோற்றது அதனால்தான். அதைப் படித்த எலிசபெத், எங்கள் நிலத்தில் வந்து ஆய்வு செய்யுங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்.

கோவில் அறிவியலைப் பார்த்துக்கொண்டார். நல்ல காட்டுச் செடிகளைக் கண்டுபிடிக்கும் வேலை எலிசபெத்துக்கு. காட்டை யார் அறிவார்கள்? அங்கேயே வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள். 'பைனிகள்' என்று வெளியூர்க்காரர்கள் இளக்காரமாகப் பேசிய மக்கள். எலிசபெத் அவர்களிடம் துளை போட்ட ஒரு அளவுகோலைக் கொடுத்தார். துளையின் அகலம் எட்டில் ஐந்து அங்குலம், சுமார் 16 மில்லிமீட்டர். அந்தத் துளையில் விழாத அளவுக்குப் பெரிய பழம் இருக்கும் செடியைக் காட்டினால் பணம். அதோடு இன்னொன்றும் உண்டு: அந்தச் செடிக்குக் கண்டுபிடித்தவரின் பெயர்!

ரூப் லீக் என்பவர் ஒரு அருமையான செடியைக் கண்டுபிடித்தார். ஆனால் லீக் என்பது வெங்காய வகைக் கீரையின் பெயர். ப்ளூபெரிக்கு வெங்காயப் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்? அதனால் ரூப் என்பதோடு லீக்கின் முதல் எழுத்தைச் சேர்த்து 'ரூபல்' ஆக்கினார்கள். 1916-ல் வொயிட்ஸ்பாக்கிலிருந்து முதல் ப்ளூபெரி விளைச்சல் சந்தைக்குப் போனது. இன்றைய தோட்ட ப்ளூபெரி வகைகள் பலவற்றின் வம்சாவளியில் ரூபல் இருக்கிறது. ரூபல் என்ற வகையே இன்றும் பயிராகிறது. இப்போது ப்ளூபெரி சிலியிலும் பெருவிலும் பெரிய அளவில் விளைந்து ஏற்றுமதியாகிறது. சிலியிலிருந்து ஸ்ட்ராபெரி வடக்கே வந்தது, ப்ளூபெரி தெற்கே போயிருக்கிறது. கணக்கு நேர் :-)

சரி, என்ன சொல்ல வருகிறேன்?

சிலியில் பெரிய பழச் செடிகளைத் தேர்ந்தெடுத்த பெண்களும் ஆண்களும், உரலில் ஸ்ட்ராபெரி நசுக்கியவர்கள், மீன் உறைந்ததைக் காட்டியவர்கள், பெல்வியூவில் அடிமரம் பெயர்த்தவர்கள். இவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் நமக்கு வந்து சேரவில்லை. கப்பலில் கொண்டுபோனவர், காப்புரிமை வாங்கியவர், விளம்பரம் செய்தவர் பெயர்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. இவர்களும் உழைத்தவர்கள்தான், ஃப்ரெஸியே இல்லாவிட்டால் செடி வந்திருக்காது. ஆனால் பெயரை எழுதி வைக்க முடியாத காலம், வசதியில்லாத காலம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1911-ல், அதே மாதிரியான ஒரு ஏழை ஊரில், ஒருவர் செடியைக் காட்டியவனின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தார். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் ரூப் லீக்கை நூறு வருடங்கள் கழித்து, தமிழில், அவரை ஒருபோதும் பார்த்திராத நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீடுகளிலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அத்தை சொன்ன வத்தக்குழம்பு, பக்கத்து வீட்டு அக்கா கற்றுக்கொடுத்த மைசூர்பாகு என்று பெயர் சொல்லித்தான் நம் அம்மாக்கள் சமையல் குறிப்புகளைக் கைமாற்றுகிறார்கள். குறிப்பேட்டில் எழுதும்போதும் அந்தப் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது நம் ஊர்ச் சாப்பாட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், அவருக்கு அது உதவும்.

உங்கள் ஊரில் ஏதாவது பழத்துக்கோ பலகாரத்துக்கோ அதைக் கண்டுபிடித்தவர் பெயர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.